பின் ஆக்சிலில் எத்தனை பல்?

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குச் சிலர் பூ பார்க்க வருவார்கள், சிலர் குதிரை பார்க்க வருவார்கள். இன்னும் சிலர் மகாகஸ்தோட்டை ஏற்றப் பந்தயத்துக்காகவே வருவார்கள். 1934ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் அது. தேயிலைக்கு நடுவே வளைந்தேறும் பாதையில் வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே விட்டு, பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். முந்திக்கொண்டு போக பக்கத்தில் ஆள் கிடையாது. வண்டியும் ஏற்றமும் கடிகாரமும்தான். பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்ததும், பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: பின் ஆக்சில் விகிதத்தை மாற்றிப்போட்டால் என்ன?

தாராளமாக மாற்றலாம். எந்தப் பக்கம் மாற்றுவது என்பதில்தான் குழப்பம். இங்கிலாந்திலிருந்து வரும் கையேடுகளும் பாகங்கள் விற்கும் கடைகளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன: விகித எண்ணைக் குறையுங்கள், எஞ்சின் நிதானமாகச் சுற்றும், பெருஞ்சாலையில் காது வலிக்காமல் போகலாம். அங்கே ஓடும் வண்டிக்கு அது நல்ல புத்தி. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வண்டி வைத்திருப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், செலவழித்து வண்டியைக் கெடுத்துக்கொண்டவர் ஆவார். இது வெறும் அபிப்பிராயமல்ல, கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சின் சுற்றுவது கியர் பெட்டி வழியாக நீண்ட ஷாஃப்டுக்கு வருகிறது. ஷாஃப்டின் பின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற, அதிலிருந்து இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் ஓட்டம் போகிறது. பினியனில் 9 பல், கிரவுனில் 38 பல் என்றால், ஷாஃப்ட் 4.22 தடவை சுற்றினால்தான் சில்லு ஒரு தடவை சுற்றும். விகிதம் என்பது இந்த எண்தான்.

பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்வந்தவர்கள் இதே வேலையைக் கூரைக்குக் கீழே பார்த்திருப்பார்கள். மேலே ஓடும் ஷாஃப்டில் சின்னக் கப்பி, கொழுந்தை அரைக்கும் ரோலரில் பெரிய கப்பி, நடுவே பெல்ட். ஷாஃப்டின் வேகம் ரோலருக்கு வருமுன் குறைந்துவிடும், முறுக்கு கூடிவிடும். கப்பியை மாற்றினால் ரோலரின் வேகம் மாறும். அதற்காக மேலே ஓடும் எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுகூடப் புதிதாகக் கிடைக்காது. ஆக்சிலிலும் அப்படியே. விகித எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும், சிறிதானால் மறுதலை. இங்கே ஓர் எச்சரிக்கை. கராஜில் ஒருவர் ‘கூடின ரேஷியோ’ என்று சொல்லும்போது எண் கூடியதைச் சொல்கிறாரா, வேகம் கூடியதைச் சொல்கிறாரா என்பது அவருக்கே சில நேரம் தெளிவாக இருக்காது. பல்லைச் சொல்லிக் கேளுங்கள்: ஒன்பதுக்கு முப்பத்தெட்டு, ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. அப்போது சண்டை வராது.

விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வண்டியை எடைபோடவும் முடியாது. எம்.ஜி. டி.சி.க்கும் அதன் பின் வந்த டி.டி.க்கும் ஒரே விகிதம்தான், 8க்கு 41, அதாவது 5.125. டி.சி.யில் 19 அங்குல ஒல்லிச் சில்லு, டி.டி.யில் 15 அங்குலம். அதனால் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் டாப் கியரில் டி.சி. மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓடும், டி.டி. 23 மட்டுமே ஓடும். யாரோ முன்பு மாற்றிவிட்டுப்போன டயரே உங்கள் வண்டியின் குணத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கக்கூடும். ஆக்சிலைத் தொடுமுன் டயரின் அளவைப் படித்துப் பாருங்கள்.

கணக்குக்கு ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்கிறேன். 1958இல் வெளிவந்த, தவளைக் கண் வைத்த முதல் மாதிரி. 948 சிசி எஞ்சின், 5,200 சுற்றில் 43 குதிரைவலு, 3,300 சுற்றில் ஏறத்தாழ 70 நியூட்டன் மீட்டர் முறுக்கு, எடை 660 கிலோ அளவில். இதை எடுக்க ஒரு காரணம் உண்டு. இதன் பின் ஆக்சில் தனிப்பிறவி அல்ல. ஒஸ்டின் ஏ35, மொரிஸ் மைனர், ஸ்பிரைட், பிறகு வந்த எம்.ஜி. மிட்ஜெட் என்று பி.எம்.சி. கம்பனியின் சின்ன வண்டிகள் பலவற்றுக்கும் ஒரே குடும்பத்து ஆக்சில்தான். மலைநாட்டில் ஸ்பிரைட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மைனரையோ தேடவே வேண்டாம்.

மைனர் இங்கே நிலைத்ததே ஒரு கதை. தொரைமார் ரதல்ல கிளப்புக்கும் டரவளை கிளப்புக்கும் ஓட்டிப்போன காலம் ஒன்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதி இறுகியபோது, கையில் இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டியே தீரவேண்டிய காலம் அடுத்தது. தோட்டங்கள் அரசுடைமையாகித் தொரைமார் கப்பலேறியபோது கார்கள் இங்கேயே தங்கின. அவற்றைக் கழுவித் துடைத்து ஓட்டிய டிரைவர்மாரிடமும், தொழிற்சாலை பட்டறையில் அவற்றுக்கு புஷ் கடைந்து போட்ட பாஸ்மாரிடமும் அந்த வண்டிகளின் நெளிவு சுளிவு தங்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்து ஜப்பான் வண்டிகள் வந்திறங்கிய பின்னும் அந்த அறிவு அழியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வேர், மைனர் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தது இந்தக் கைத்திறனை நம்பித்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஷெட்டில் தூங்கிய எத்தனையோ பழைய வண்டிகளைத் தூசு தட்டி வெளியே எடுத்தார்கள். இன்று ஆக்சில் பேச்சு அதிகம் கேட்கிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்பிரைட்டின் ஆக்சில் 9க்கு 38, அதாவது 4.22. மொரிஸ் மைனர் 1000இன் 948 சிசி வண்டியில் 9க்கு 41, அதாவது 4.55. பிந்திய மிட்ஜெட் 1500இல் வந்த 11க்கு 41, அதாவது 3.73. மூன்றும் ஒரே குடும்பம். இங்கிலாந்தில் விரும்பி வாங்குவது கடைசியானதை, அல்லது இடையில் உள்ள 3.9ஐ.

இப்போது நுவரெலியாவை ஒட்டி, பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் வண்டி ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். (ரயில் பாதை போட்டவர்கள் நாற்பத்துநான்குக்கு ஒன்றைத் தாண்டவில்லை, அதனால்தான் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, நம் தோட்டத்துப் பாதை நேராக நெஞ்சில் ஏறுகிறது.) இரண்டு பேருடன் வண்டி 810 கிலோ. ஏற்றம் மட்டும் அதை 81 கிலோ பலத்தோடு பின்னுக்கு இழுக்கும். டயர் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும், 60 கிலோமீட்டர் வேகத்தில், இன்னொரு 20 கிலோ. ஆகமொத்தம் ஏறத்தாழ 100 கிலோ பலம் இருந்தால்தான் வண்டி வேகம் இழக்காமல் ஏறும்.

எஞ்சினால் எவ்வளவு தரமுடியும்? மூன்றாம் கியரில், முறுக்கு உச்சத்தில் இருக்கும் 3,300 சுற்றில், பல்லும் பேரிங்கும் தின்னும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தால், 4.22 ஆக்சிலோடு கடல் மட்டத்தில் 138 கிலோ. கொழும்பில் அது சரி. நுவரெலியா இருப்பது 1,868 மீட்டர் உயரத்தில். கார்புரேட்டர் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். காற்று மெலிந்துவிடுகிறது, ஒரு மூச்சில் எஞ்சின் உள்ளிழுக்கும் ஒட்சிசன் குறைந்துவிடுகிறது. ஹட்டன் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய. அப்போது 138 கிலோ 113 ஆகிவிடுகிறது.

தேவை 100, இருப்பது 113. மிச்சம் 13 கிலோ. அந்த 13தான் வளைவை விட்டு வெளியே வரும்போது வேகம் பிடிக்க, முன்னால் முக்கிப்போகும் கொழுந்து லொறியை முந்த, எதிரே பஸ் வந்தால் சட்டென்று விலக. இந்த மிச்சத்தைத்தான் நாம் மலையில் ‘வலு’ என்று உணர்கிறோம்.

இதே வண்டிக்கு 3.73 போடுங்கள். 113 கிலோ 100க்கு இறங்கும். தேவை 100, இருப்பது 100. மிச்சம் என்று ஒன்று இல்லை. வண்டி ஏறும், ஆனால் காலடியில் இருக்கும் பெடலை இன்னும் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியதுதான். 4.55 போட்டால் 113 கிலோ 122 ஆகும், மிச்சம் 22. விகிதத்தில் மாறியது 8 சதவீதமே. கையில் மிஞ்சும் பலமோ முக்கால் பங்குக்குக் கிட்ட உயர்ந்துவிடுகிறது. ‘இத்தனை சின்ன வித்தியாசத்துக்கா இவ்வளவு வேலை’ என்று கேட்பவர்கள் விகிதத்தைப் பார்க்கிறார்கள், மிச்சத்தைப் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 3.73 ஆக்சில் கடல் மட்டத்தில் எவ்வளவு தருகிறது என்று போட்டுப் பாருங்கள்: 122 கிலோ. நுவரெலியாவில் 4.55 தருவதும் 122 கிலோ. ஆக, இங்கிலாந்தின் தாழ்ந்த நிலத்தில் 3.73 போட்டு ஒருவர் எழுதும் பாராட்டை நுவரெலியாவில் அனுபவிக்க வேண்டுமானால் 4.55 வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மூச்சுவிடும் காற்று வேறு.

மூன்றாம் கியரில் முடியாவிட்டால் இரண்டுக்கு இறங்கினால் போயிற்றே என்று தோன்றலாம். முதல் ஸ்பிரைட்டின் கியர் பெட்டியில் அதுதான் வலிக்கும் இடம். மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம்: 1.41இலிருந்து 2.37. மூன்றில் 3,300 சுற்றில் போகும் வண்டியை அதே வேகத்தில் இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் 5,500ஐத் தாண்டி அலறும். வேகம் விழும்வரை காத்திருந்துதான் இறக்க வேண்டும். மலையில் வேகம் விழக் காத்திருப்பது என்றால் பின்னால் வருபவரின் ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது. இறக்காமல் மூன்றிலேயே முக்கவிட்டால் எஞ்சின் தட்டும், சூடேறும். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுபவை. எஞ்சின் மெல்லச் சுற்றினால் அவையும் மெல்லச் சுற்றும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறி, வட்டவளை தாண்டி ஹட்டனுக்கு வரும் வழியில் போனட்டைத் திறந்துவைத்து நிற்கும் பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு ரேடியேட்டரில் கோளாறே இருக்காது. கியரில்தான் கோளாறு.

தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் நல்லது. 948 சிசி எஞ்சினுக்கும் அடுத்து வந்த 1098 சிசிக்கும் அபிங்டன் தொழிற்சாலை ஸ்பிரைட்டில் 4.22ஐயே வைத்திருந்தது. 3.9க்குப் போனது 1275 சிசி எஞ்சின் வந்து, அதுவும் இரண்டு வருடம் கழித்து, 1968இன் இறுதியில்தான். முறுக்கு கூடிய பிறகே விகிதத்தைத் தளர்த்தினார்கள். ஆகவே உங்கள் ஸ்பிரைட்டில் யாராவது 1275 எஞ்சினை ஏற்கெனவே இறக்கியிருந்தால், மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறும். அந்த எஞ்சின் 3.9 ஆக்சிலோடு இதே ஏற்றத்தில் முப்பது கிலோவுக்கு மேல் மிச்சம் வைக்கும். அப்படிப்பட்டவர் 3.9 போடுவதை நான் தடுக்கமாட்டேன். மைனர்களில் பழைய 803 சிசி வண்டியும் தனி ரகம். வலுக் குறைந்த எஞ்சினைச் சமாளிக்க, பிந்திய வண்டிகளில் 5க்கும் மேற்பட்ட விகிதம் வைத்தார்கள். அதில் பெரிய எஞ்சினைப் போட்டுவிட்டு ஆக்சிலை அப்படியே விட்டவர்களின் வண்டி தேவையில்லாமல் கத்தும். அவர்கள் எண்ணைக் குறைக்கத்தான் வேண்டும்.

பெருஞ்சாலையில் சத்தம் தாங்கமுடியவில்லை என்ற முறைப்பாட்டையும் நம் ஊர் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிப்பது 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 4.22 ஆக்சிலோடு ஸ்பிரைட் 2,800 சுற்றில் போகும். 4.55 போட்டால் 3,000. இருநூறு சுற்றுக்கு யாரும் காதைப் பொத்தமாட்டார்கள். அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம், அங்கே 4.55 என்றால் 4,300 சுற்று, 4.22 என்றால் 4,000, 3.73 என்றால் 3,550. இது உணரக்கூடிய வித்தியாசம். ஆனால் அதிவேகப் பாதை எதுவும் இன்றுவரை தேயிலை மலைக்குள் வரவில்லை. வாரம் தவறாமல் காலிக்கு ஓடுகிறவர் 3.9 போடட்டும். வருடத்தில் இரண்டு முறை அதிவேகப் பாதையைத் தொடுகிறவர், மீதி முந்நூற்றுச் சொச்ச நாட்களையும் அந்த இரண்டு நாளுக்காக ஏன் முக்கி ஏற வேண்டும்?

ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் மலைநாட்டுக்காரருக்கு இறக்கம்தான் பெரிய காரணம். முதல் ஸ்பிரைட்டுக்கு நான்கு சில்லிலும் டிரம் பிரேக். முன் சில்லுக்கு டிஸ்க் வந்தது 1962இல். மைனருக்குக் கடைசிவரை வரவேயில்லை. ரம்பொடை இறக்கத்திலோ நானுஓயாவுக்கும் ரதல்லைக்கும் இடையிலான குறுக்குப் பாதையிலோ டிரம் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு இறங்கினால், டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடி தளரும், பெடல் கீழே போய்க்கொண்டேயிருக்கும். அந்தக் குறுக்குப் பாதையில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பது சும்மா அல்ல. இறக்கத்தில் வண்டியைப் பிடித்துவைப்பது எஞ்சின்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் 4.55 ஆக்சில் எஞ்சினை 2,450 சுற்றில் வைக்கும்; 3.73 என்றால் 2,000. எண் குறையக் குறைய எஞ்சினின் பிடி தளர்கிறது, அந்தப் பாரம் பிரேக்குக்குப் போகிறது. வேகத்துக்காக விகிதத்தைக் குறைத்தவர் இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இறங்குவது புத்திசாலித்தனம்தான், ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் என்ன ஆயிற்று?

பந்தயத்துக்குப் போகிறவரின் கேள்வி வேறு. அவருக்குச் சராசரி மிச்சம் முக்கியமல்ல. ஒவ்வொரு வளைவிலிருந்தும் எந்தக் கியரில், எத்தனை சுற்றில் வெளியே வருகிறோம் என்பதே முக்கியம். 4.22 ஆக்சிலோடு 5,500 சுற்றில் இரண்டாம் கியர் 57 கிலோமீட்டர் வரை இழுக்கும், 4.55 என்றால் 53. 53ஐ எட்டுமுன் வளைவு முடிந்துவிட்டால் 4.55 வெல்லும். முடியாமல், வளைவின் நடுவே மூன்றுக்கு மாற்றவேண்டி வந்தால், கியர் மாற்றும் அந்த நொடியில் லாபமெல்லாம் போய்விடும். ஆகவே பந்தயக்காரர் முதலில் பாதையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும், பிறகுதான் பல்லை எண்ண வேண்டும்.

வேலையில் இறங்க முடிவு செய்துவிட்டீர்களா? அதற்கு முன் கார்புரேட்டரைப் பாருங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் கூடிவிடும். கொழும்பில் சரிசெய்த வண்டி நுவரெலியாவில் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு, இருக்கிற வலுவையும் வீணாக்கும். எஸ்.யூ. கார்புரேட்டரின் ஜெட்டைக் கொஞ்சம் திருகிக் கலவையை மெலிதாக்க அரைமணி நேரம் போதும். அதன் பிறகும் போதவில்லை என்றால்தான் ஆக்சில்.

அடுத்தது, இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்று உறுதிசெய்வது. கையேடு சொல்வதை நம்பாதீர்கள். அறுபது வருடம் ஓடிய வண்டியில் எந்த மைனரின் டிபரன்சல் எந்த ஸ்பிரைட்டுக்குள் புகுந்ததோ யாருக்குத் தெரியும்? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜக் போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் விட்ட நிலையில். ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒருவர் சில்லைக் கையால் இருபது சுற்றுச் சுற்ற, இன்னொருவர் கீழே குனிந்து ஷாஃப்டை எண்ண வேண்டும். மற்றச் சில்லு தரையில் பிடித்திருப்பதால், தூக்கிய சில்லு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே சில்லின் இருபது சுற்று என்பது கிரவுனின் பத்துச் சுற்று. ஷாஃப்ட் 42 சுற்றோடு கொஞ்சம் சுற்றினால் 4.22, 45 அரை என்றால் 4.55, 39 என்றால் 3.9. இரண்டு சுற்று மட்டும் எண்ணினால் கால் சுற்று வித்தியாசத்தில் ஏமாந்துபோகலாம், அதனால்தான் இருபது.

மாற்றும்போது கிரவுனையும் பினியனையும் மட்டும் கழற்றி வேறு கூட்டில் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணைத்த ஜோடி. ஒரே எண்ணை இரண்டிலும் பொறித்திருப்பார்கள். ஜோடியைப் பிரித்தாலோ, பினியன் நிற்கும் ஆழமும் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு தவறினாலோ, வண்டி ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளை பிறகு நிற்காது. அதைச் சரியாக அளந்து பொருத்தும் கருவியும் பொறுமையும் உள்ள பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. இந்தக் குடும்பத்து ஆக்சிலின் அருமை என்னவென்றால், டிபரன்சலைக் கூட்டோடு முன்பக்கமாக உருவி எடுக்கலாம். எண்ணெயை வடித்து, பின் சில்லும் டிரம்மும் கழற்றி, இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்டுகளையும் கூட்டைச் சுற்றியுள்ள நட்டுகளையும் எடுத்தால், கூடு கைக்கு வந்துவிடும். மைனரிலிருந்து எடுத்த கூட்டை அதே இடத்தில் உள்ளே விடலாம். உள்ளே இருக்கும் ஜோடியை யாரும் தொடவே வேண்டாம்.

வாங்கும் கூட்டைக் கையால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். பல்லில் சொரசொரப்பு இருந்தாலோ, பினியனைப் பிடித்து ஆட்டினால் அசைந்தாலோ விலை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். எண்ணெய் 90 கிரேட் ஹைப்பொயிட், ஒரு லீற்றர் அளவில். சாதாரண கியர் எண்ணெய் இந்தப் பல்லுக்குப் போதாது. அளவுக்கு மேல் ஊற்றினால் ஓரத்துச் சீல் வழியாகக் கசிந்து பிரேக் லைனிங்கில் இறங்கும்; இறக்கத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு ஊற்றுங்கள். விகித எண்ணைக் கூட்டினால் ஆக்சில் ஷாஃப்ட் தாங்கவேண்டிய முறுக்கும் கூடும். ஸ்பிரைட்டின் ஆக்சில் ஷாஃப்ட் முறிவது உலகறிந்த பலவீனம். ஏற்றத்தில் நின்றுகொண்டு எஞ்சினை உறுமவிட்டு கிளச்சைச் சட்டென்று விடும் பழக்கம் இருந்தால், 4.55 போட்ட பிறகு அதை மறந்துவிடுவது நல்லது.

ஸ்பிரைட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பெட்டியின் வாலிலிருந்து வருகிறது, சில்லிலிருந்து அல்ல. எனவே ஆக்சிலை மாற்றியதும் அது பொய் சொல்லத் தொடங்கும். 4.22க்குப் பதில் 4.55 போட்டால் நிஜ வேகத்தைவிட 8 சதவீதம் கூட்டிக் காட்டும். உண்மையில் 65இல் போகும்போது முள் 70இல் நிற்கும். அது பரவாயில்லை. 3.73 போட்டவருக்கோ நேர்மாறு: முள் 70 காட்டும்போது வண்டி 79இல் பறக்கும், ரேடார் பிடித்துக்கொண்டு நிற்கும் பொலிஸ்காரரிடம் முள்ளைக் காட்டி வாதாட முடியாது. மீட்டரைக் கழற்றித் திருத்துகிறவர்களிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஓடிய தூரமும் அதே அளவில் பிழைக்கும் என்பதால், எண்ணெய் மாற்றும் கணக்கும் பெற்றோல் கணக்கும் அதோடு சேர்ந்து பிசகும்.

மலையும் வேண்டும், அதிவேகப் பாதையும் வேண்டும் என்பவருக்கு ஆக்சிலில் விடை இல்லை. விடை ஐந்து கியர் பெட்டியில் இருக்கிறது. ஜப்பான் வண்டிகளின் பெட்டியைப் பழைய ஆங்கிலேய வண்டிகளில் பொருத்துவதற்கு நம் கராஜ்களில் கைப்பழக்கம் உண்டு. ஐந்தாம் கியர் 0.8 என்றால் 4.55 ஆக்சிலோடு அது 3.64 போல் நடந்துகொள்ளும். மூன்றாம் கியரில் ஏற்றமும் ஏறும். செலவு பல மடங்கு. கியர் பெட்டியை மூடியிருக்கும் தகட்டை வெட்ட வேண்டிவரும். வண்டியின் அசல் தன்மையைப் போற்றுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆக்சில் மாற்றத்தை மட்டும் செய்கிறவர் எந்த நாளும் பழையபடி திரும்பிவிடலாம். அதற்கு ஒன்று செய்ய வேண்டும்: கழற்றிய 9க்கு 38 கூட்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல், எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி, பல்லின் எண்ணிக்கையை ஒரு துண்டுத் தகட்டில் பொறித்துக் கட்டி ஷெட்டில் வையுங்கள். வண்டிப் புத்தகத்திலும் மாற்றிய தேதியையும் புதிய விகிதத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவர் கொழும்புக்காரராக இருக்கலாம்.